சென்னை – சிங்கப்பூர்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வேலை கிடைத்து முதல் முறையாக விமானம் ஏறப்போகும் இளைஞர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர், விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கட்டணம், விசா ஆகியவை அடிக்கடி மாறுகின்றன. அவற்றைப் பயணத்துக்கு முன் உரிய இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தூரமும் நேரமும் அவ்வளவாக மாறுவதில்லை. இந்தப் பக்கத்தில் அவைதான் முக்கியம்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே விமான தூரம் எவ்வளவு?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வரை சுமார் 2,920 கிலோமீட்டர். மைல் கணக்கில் ஏறத்தாழ 1,815. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் சுமார் 1,577.

இணையத்தில் தேடினால் 2,900 என்றும் 2,930 என்றும் வெவ்வேறு எண்கள் வரும். விமான நிலையத்திலிருந்து அளந்தார்களா, நகரத்தின் நடுவிலிருந்து அளந்தார்களா என்பதைப் பொறுத்த வேறுபாடு அது. பயணிக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை.

விமானம் அந்த நேர்கோட்டில்தான் பறக்கிறதா?

கிட்டத்தட்ட. வானத்திலும் வகுக்கப்பட்ட பாதைகள் இருக்கின்றன. புறப்படும்போது ஓடுபாதையின் திசைக்கு ஏற்பச் சுற்றி ஏற வேண்டும். இறங்கும்போது மற்ற விமானங்களோடு வரிசையில் சேர வேண்டும். வழியில் இடிமேகம் இருந்தால் விலகிப் போக வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்தால் உண்மையில் பறக்கும் தூரம் நேர்கோட்டு தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும்.

அந்தப் பாதை எதன் மேலே போகிறது என்பதை வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சென்னைக் கரையைத் தாண்டியதும் தென்கிழக்கே வங்காள விரிகுடா. பயணத்தின் பாதி முழுக்கக் கடல்தான். நடுவழியைத் தாண்டிய சிறிது தூரத்தில் நேர்கோடு, பெரிய நிக்கோபார் தீவின் தென்முனைக்கும் சுமாத்திராவின் வடமுனையான அச்சேவுக்கும் இடையே உள்ள கடல் இடைவெளியைக் கடக்கிறது. பிறகு மலாக்கா நீரிணையை ஒட்டியே கீழிறங்கி, மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் சிங்கப்பூரைத் தொடுகிறது.

தமிழருக்கு இது பழகிய பாதை. முதலாம் ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025ஆம் ஆண்டு வாக்கில், சுமாத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது படையெடுத்தது. அந்த வெற்றியைச் சொல்லும் மெய்க்கீர்த்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அதில் வரும் ஊர்ப் பெயர்களில் மாநக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார். இலாமுரி தேசம் என்பது அச்சேப் பகுதி. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. விமானத்தில் உங்கள் முன்னிருக்கும் திரையில் பாதை வரைபடத்தைத் திறந்தால், ஏறக்குறைய அந்தக் கல்வெட்டு வரிகளின் ஊர்களையே வரிசையாகப் பார்ப்பீர்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். நான்கு மணி நேரத்தைக் கழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பயண நேரம் எவ்வளவு?

நேரடி விமானம் என்றால் டிக்கெட்டில் பெரும்பாலும் 4 மணி நேரத்திலிருந்து 4 மணி 30 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். இதில் வானத்தில் இருக்கும் நேரம் பல நாட்களில் 4 மணி நேரத்துக்கும் குறைவு.

விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் என்கிறார்களே? கணக்குப்படி மூன்றேகால் மணி நேரம்தானே ஆக வேண்டும்?

கணக்கு சரிதான். ஆனால் அந்த வேகம் உச்சியில் பறக்கும்போது மட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் அதில் பாதியாகக்கூட இருக்கும். தவிர, டிக்கெட்டில் உள்ள நேரம் நிலையத்தில் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, மறுமுனையில் தன் இடத்தில் வந்து நிற்பதில் முடிகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்கியபின் முனையத்துக்கு வருவது எல்லாம் அதில் அடக்கம். இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணி நேரம் இதற்கே போய்விடும்.

விமானத்தின் வகையும் ஒரு காரணம். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் உச்சியில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஏர்பஸ் 350, போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் 900ஐ ஒட்டிச் செல்லும். இந்த தூரத்துக்கு அதனால் வரும் வேறுபாடு சுமார் கால் மணி நேரம். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து. கால் நீட்டி உட்கார இடம் வேண்டும் என்பதற்காகக் கொடுத்தால் அது வேறு.

போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம் ஆகிறதே, ஏன்?

காற்றுதான் காரணம். ஐரோப்பா, அமெரிக்கப் பயணங்களைப் பற்றிப் படித்தவர்கள், “கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் தாமதம்” என்று நினைப்பார்கள். அது வடக்கு அட்சரேகைகளுக்குப் பொருந்தும். அங்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வீசுகிறது. டில்லியிலிருந்து டோக்கியோ போகிறவருக்கு அந்தக் காற்று பெரிய உதவி. நம்முடைய பாதை பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே கதை வேறு.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பலத்த காற்றோட்டம் வீசுகிறது. கோடையில் திபெத் பீடபூமி சூடேறி, அதற்கு மேலே உயர் அழுத்தம் உருவாவதே இதற்கு முக்கியக் காரணம். இந்தக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து விளக்கியவர்களில் முன்னோடி, இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் பறப்பது 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். ஆகவே அந்த ஓட்டத்தின் அடிப்பகுதி விமானத்தைத் தொடுகிறது.

விளைவு என்ன? ஜூலை மாதத்தில் சிங்கப்பூருக்குப் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று. சென்னைக்குத் திரும்புகிற விமானத்துக்குப் பின்காற்று. எதிர்க்காற்று சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போகும்போது எட்டு ஒன்பது நிமிடம் கூடும். வரும்போது ஏறக்குறைய அதே அளவு குறையும். இரண்டுக்கும் நடுவே கால் மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு வந்துவிடுகிறது. காற்று இன்னும் பலமாக வீசும் நாட்களில் இது கூடும். குளிர்காலத்தில் மேலைக்காற்றோட்டம் வட இந்தியாவுக்கு மேலேயே தங்கிவிடுவதால் நம் பாதையை அது அதிகம் தொடுவதில்லை. அப்போது இரு திசை நேரங்களும் நெருங்கி வரும்.

எனவே, ஆகஸ்ட் மாதத்தில் போகும்போது “இன்னும் இறங்கவில்லையே” என்று பதற வேண்டாம். மேகம் இல்லாத நாளிலும் இந்தக் காற்று உண்டு.

டிக்கெட்டில் போக ஏழு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்பதுபோல் இருக்கிறதே?

அதிகம் குழப்புகிற கேள்வி இதுதான், நிதானமாகப் பார்ப்போம்.

டிக்கெட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி. சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆண்டு முழுவதும் இதே வேறுபாடுதான். இரண்டு நாடுகளிலும் கோடையில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை.

எடுத்துக்காட்டாக, சென்னையில் இரவு 11.30க்குப் புறப்படுகிறீர்கள். 4 மணி 15 நிமிடப் பயணம். இந்திய நேரப்படி அதிகாலை 3.45க்கு இறங்குவீர்கள். சிங்கப்பூரில் அப்போது காலை 6.15. டிக்கெட்டில் 11.30 – 6.15 என்று இருக்கும். பார்க்கிறவருக்கு ஆறே முக்கால் மணி நேரப் பயணம் போலத் தோன்றும்.

திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு, 4 மணி நேரம் பறந்தால், அங்கே நள்ளிரவு 12. இங்கே இரவு 9.30. டிக்கெட்டில் 8.00 – 9.30. ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும்.

கணக்குப் போட எளிய வழி: போகும்போது டிக்கெட்டில் தெரியும் இடைவெளியிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழியுங்கள், வரும்போது இரண்டரையைக் கூட்டுங்கள். உண்மையான பயண நேரம் கிடைத்துவிடும்.

அது என்ன இரண்டரை மணி நேரம்? முழு எண்ணாக இருக்கக் கூடாதா?

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகை வேறுபாடு ஏறத்தாழ 24 பாகை. சூரியனைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் வேறுபாடு சுமார் 1 மணி 35 நிமிடம்தான் என்று சொல்லும். மீதி ஐம்பத்தைந்து நிமிடம் அரசாங்கங்கள் சேர்த்தது.

இந்தியா தன் நேரத்தை 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து அமைத்துக்கொண்டது. சென்னை அதற்குச் சற்று மேற்கே, 80 பாகையில் இருக்கிறது. பெரிய வேறுபாடு இல்லை. சிங்கப்பூரின் நிலைதான் சுவையானது. 1981ஆம் ஆண்டு இறுதி வரை சிங்கப்பூர் நம்மைவிட இரண்டு மணி நேரம் மட்டுமே முன்னால் இருந்தது. மலேசியா, தன் தீபகற்பப் பகுதியையும் சபா, சரவாக் மாநிலங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர முடிவு செய்து, தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. பக்கத்து நாட்டோடு நேரம் மாறுபட்டால் வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் இடைஞ்சல் என்று சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. 1982 ஜனவரி 1 முதல் இரண்டரை மணி நேர வேறுபாடு நிலைத்துவிட்டது.

இதனால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கும். மாலை 7 மணியை ஒட்டித்தான் மறையும். ஊரில் ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பழகிய அம்மாக்கள், அங்கே ஆறரைக்கும் இருட்டாக இருப்பதைப் பார்த்துக் கடிகாரம் தவறு என்று நினைப்பதுண்டு. கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது.

ராகு காலத்தை எந்த ஊர் நேரப்படி பார்ப்பது?

பார்ப்பவர்கள் இருக்கும் ஊரின் சூரிய உதயத்தை வைத்துப் பார்க்க வேண்டும். நாட்காட்டியில் திங்கட்கிழமை 7.30 – 9 என்று இருப்பது காலை 6 மணி உதயத்தை வைத்துப் போட்டது. சிங்கப்பூரில் உதயம் 7 மணி என்பதால் அது ஏறக்குறைய 8.30 – 10 ஆகிவிடும். புறப்படுகிற நேரத்துக்குச் சென்னைக் கணக்கே போதும்.

நள்ளிரவு விமானத்துக்கு எந்தத் தேதியில் விமான நிலையத்துக்குப் போக வேண்டும்?

தயவுசெய்து இதை இருமுறை படியுங்கள். சென்னையிலிருந்து கிழக்கே போகும் பல விமானங்கள் நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. டிக்கெட்டில் “15ஆம் தேதி, 00.40” என்று இருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு 9.40க்கு. 15ஆம் தேதி இரவு போனால் விமானம் புறப்பட்டு ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும்.

வீட்டில் பெரியவர்கள் தனியாகப் புறப்படுவதாக இருந்தால், டிக்கெட்டை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். “திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டை முடித்துக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்” என்று கிழமையும் பொழுதும் சொல்லித் தமிழில் எழுதி அனுப்புங்கள். இந்த ஒரு வரி பல குடும்பங்களின் பணத்தையும் மனவேதனையையும் காப்பாற்றும்.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

பறப்பது நான்கு மணி நேரம் என்றாலும் ஒன்பது முதல் பத்து மணி நேரம் ஒதுக்குங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போகச் சொல்கிறார்கள்; சென்னையில் அந்த அறிவுரையை அப்படியே கேட்பது நல்லது. நள்ளிரவை ஒட்டி வளைகுடா நாடுகளுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போகும் விமானங்கள் அடுத்தடுத்து இருப்பதால், இமிகிரேஷன் வரிசை திடீரென்று நீண்டுவிடும். செக்-இன் பெரும்பாலும் விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். அதற்குப் பிறகு ஓடிவந்து கெஞ்சிப் பயனில்லை.

நகரத்திலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ ரயில் 2016 முதல் ஓடுகிறது. மாலை நேர ஜி.எஸ்.டி. சாலை நெரிசலை நினைத்தால், பெட்டி அதிகம் இல்லாதவர்கள் மெட்ரோவில் போவதையே பரிந்துரைப்பேன். ஆனால் இரவு 11 மணி வாக்கில் மெட்ரோ நின்றுவிடும்.

சிங்கப்பூர்ப் பக்கம் வேகமாக முடியும். மின்னியல் வருகை அட்டையை, சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். அது முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும், சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளம் அல்ல என்று புரிந்துகொண்டு வெளியேறிவிடுங்கள்.

திருச்சி, மதுரை, கோவையிலிருந்து போனால் தூரம் கூடுமா?

சற்றுக் கூடும். திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். மதுரையிலிருந்து ஏறத்தாழ 3,010. கோவையிலிருந்து சுமார் 3,160. வரைபடத்தில் திருச்சி தெற்கே இருப்பதால் அதுதான் பக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். சென்னை தமிழ்நாட்டின் வடகிழக்கு மூலையில், அதிகக் கிழக்கே இருப்பதால் அதுவே சிங்கப்பூருக்கு நெருக்கம். யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் போய்வருகிற உறவினர்களுக்காகச் சொல்கிறேன்: கொழும்பு – சிங்கப்பூர் சுமார் 2,750 கிலோமீட்டர், இவை எல்லாவற்றையும்விடக் குறைவு.

ஆனால் டெல்டா மாவட்டக்காரர்கள் இந்த வான்தூரத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒரு மணி நேரம் சொச்சம். சென்னை என்றால் சாலையில் 340 கிலோமீட்டர். வானத்தில் 60 கிலோமீட்டர் குறைவு என்பதற்காகத் தரையில் ஆறேழு மணி நேரம் அலைய வேண்டுமா? பட்டுக்கோட்டை, மன்னார்குடி, புதுக்கோட்டை, காரைக்குடி மக்களுக்குத் திருச்சிதான் சரி. அங்கே புதிய முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து இடநெருக்கடியும் குறைந்திருக்கிறது. சென்னை வழி டிக்கெட் சில ஆயிரம் ரூபாய் மலிவாக இருந்தாலும், பேருந்து, சாப்பாடு, வழியனுப்ப வருகிறவர்களின் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பல நேரங்களில் லாபம் காணாமல் போய்விடும்.

கோலாலம்பூர் வழியாகப் போவது சுற்றுப் பாதையா?

தூரத்தில் பார்த்தால் சுற்றே இல்லை. சென்னை – கோலாலம்பூர் சுமார் 2,630 கிலோமீட்டர். கோலாலம்பூர் – சிங்கப்பூர் சுமார் 300. கூட்டினால் ஏறக்குறைய நேரடி தூரமே வருகிறது. கோலாலம்பூர் அந்த நேர்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. கொழும்பு வழி என்றால் மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர்.

கூடுவது காத்திருக்கும் நேரம்தான். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்த விமானத்தில் அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் இழப்பு முழுவதும் உங்களுடையது. பெட்டியை எடுக்க மலேசியாவுக்குள் நுழைந்து வெளிவர வேண்டியும் இருக்கலாம். வயதானவர்களைத் தனியாக அனுப்பும்போது நேரடி விமானத்தையே எடுங்கள். அந்தப் பணம் வீணல்ல.

எந்த மாதங்களில் தாமதம் அதிகம்?

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனமாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் புயலும் அப்போதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. அதன் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மீது பாலம்போல் அமைந்திருக்கிறது என்பதை நினைத்தால் காரணம் புரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் மூட வேண்டியிருந்தது. இந்த மாதங்களில், சிங்கப்பூரில் சேரும் நாளே முக்கியமான நேர்காணலோ திருமணமோ இருந்தால், ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

போகிப் பண்டிகை காலையையும் நினைவில் வையுங்கள். பழைய பொருட்களை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் கலந்து ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் போய், விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்ட ஆண்டுகள் உண்டு. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காமல் இருப்பது நுரையீரலுக்கு மட்டுமல்ல, அன்று காலை ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கும் நல்லது.

சிங்கப்பூர்ப் பக்கம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமாத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புயற்காற்று வரிசை ஒன்று உண்டு. அது விடிவதற்கு முன்னிருந்து நண்பகலுக்குள் வந்து, பலத்த காற்றும் மழையுமாக ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நம் நள்ளிரவு விமானங்கள் சேருவதும் அந்த நேரம்தான். விமானம் வானத்தில் வட்டமடித்தால் பெரும்பாலும் காரணம் இதுவே.

வழியில் விமானம் குலுங்குமா?

குலுங்கும். வெப்பமண்டலக் கடலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் இடிமேகங்களைச் சுற்றி இது வழக்கமானது. விமானிகள் ராடாரில் பார்த்து விலகிச் செல்வார்கள். இருந்தாலும் சில அசைவுகள் முன்னறிவிப்பில்லாமல் வரும். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த விமானம் மியான்மரின் ஐராவதிப் படுகைக்கு மேலே கடுமையாகக் குலுங்கியதில் ஒரு பயணி உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும், தூங்கும்போதும் சீட் பெல்ட்டைப் போட்டிருங்கள். விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காகக் கழற்ற வேண்டாம். போர்வைக்கு மேலே பெல்ட் தெரியும்படி போட்டுக்கொண்டால் பணிப்பெண்கள் உங்களை எழுப்பமாட்டார்கள்.

ஜன்னல் இருக்கை எந்தப் பக்கம் எடுக்கலாம்?

பகல் விமானம் என்றால் போகும்போது வலப்பக்கம் சுமாத்திரா. இடப்பக்கம் நிக்கோபாரும் பிறகு மலேசியக் கரையும். வரும்போது இது இடம் மாறும். மேகம் இருந்தால் எதுவும் தெரியாது. இரவு விமானம் என்றால் நடைபாதையோர இருக்கையே வசதி.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை எந்த நேரப்படி சாப்பிடுவது?

இரண்டரை மணி நேர மாற்றம் உடம்புக்குப் பெரிய சுமை இல்லை. பெரும்பாலோர் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள், நேரம் தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து எடுப்பவர்கள், புறப்படுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள். கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வைத்திருங்கள். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மருந்து கையில் இருக்கும்.

விமானத்துக்கு முன்பு எப்படிப் போனார்கள்? இப்போது கப்பல் உண்டா?

கப்பலில்தான். ரஜூலா என்ற பெயரைக் கேட்டால் இன்றும் கண் விரியும் பெரியவர்கள் நாகப்பட்டினத்திலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் நேர்ந்த தீ விபத்தில் பயணிகள் பலர் இறந்தார்கள். அதோடு அந்தச் சேவை நின்றது. இப்போது இந்த வழியில் வழக்கமான பயணிகள் கப்பல் இல்லை. விமானம் ஒன்றே வழி.

உங்கள் குடும்பத்தில் ரஜூலாவில் போனவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதை உடனே பதிவு செய்துவையுங்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழரின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த மேல்தளத்தில்தான் பயணம் செய்தது. அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அப்பா அம்மாவை அழைத்துவர நான் சாங்கிக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

விமானம் இறங்கிய பிறகு வெளியே வர 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். காலை 6.15க்கு இறங்கும் விமானத்துக்கு 6.45க்கு அங்கே இருந்தால் போதும். சாங்கியில் நான்கு முனையங்கள் இருக்கின்றன. எந்த முனையம் என்பதை அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். 4ஆம் முனையம் மற்றவற்றிலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கே போக இலவசப் பேருந்தில் ஏற வேண்டும். எம்.ஆர்.டி. எனப்படும் சிங்கப்பூர் மெட்ரோ ரயிலின் நிலையம் 2, 3ஆம் முனையங்களுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் இரவு முழுவதும் உட்கார்ந்தே வந்தவர்களைப் பெட்டிகளோடு ரயிலில் ஏற்றி இறக்க வேண்டாம். டாக்சி பிடியுங்கள். விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. அதில் வாட்ஸ்அப்பை இணைப்பது எப்படி என்று புறப்படும் முன்பே அவர்களுக்குக் காட்டிக்கொடுத்திருந்தால், பெட்டி எடுக்கும் இடத்திலிருந்தே உங்களை அழைத்துவிடுவார்கள்.